கண் இருக்க வேண்டிய இடம்

ஜூன் 8

வணக்கம்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாள் வீணாகிவிட்டது. 'அன்புள்ள' என்று எழுதினால் நீங்கள் ஏதோ நினைத்துக்கொள்வீர்கள். எழுதாவிட்டாலும் ஏதோ நினைத்துக்கொள்வீர்கள். அதனால் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் வீட்டை விட்டு வந்து ஏழு மாதம் ஆகிறது. இது திரும்பி வருவதற்கான கடிதம் இல்லை. வக்கீல் சொல்லி எழுதுகிற கடிதமும் இல்லை. பயப்படாமல் படியுங்கள்.

சனிக்கிழமைகளில் பென்சில் ஓவியம் கற்றுக்கொள்ளப் போகிறேன். நான் வேலை பார்க்கும் நூலகத்திலிருந்து நாலு தெரு தள்ளி, ஒரு தையல் கடைக்கு மேலே மாடி. கீழே மெஷின் ஓடினால் மேலே பெஞ்சு லேசாக அதிரும். மொத்தம் ஆறு பேர். எனக்கு இடப்பக்கம் ரிட்டையரான பஸ் டிரைவர் ஒருவர். சொல்லிக்கொடுப்பவள் என்னைவிட நாலு வயது சின்னவள். வாசலிலேயே எல்லாருடைய ரப்பரையும் வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிடுவாள். "தப்பு இருந்தா இருக்கட்டும். அதப் பாத்துட்டே பக்கத்துல சரியா ஒரு கோடு போடுங்க. அழிச்சுட்டா எங்க தப்புன்னே தெரியாமப் போயிடும்" என்பாள். நாங்கள் அவளுக்கு ரப்பர் மிஸ் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

முதல் நாள் முட்டை வரையச் சொன்னாள். என்னுடையது உருளைக்கிழங்காக வந்தது. டிரைவருடையது, நாலு சக்கரம் வைத்தால் கிளம்பிவிடும். ஸ்கேல் இல்லாமல் ஒரு நேர்கோடு போடக்கூட எனக்கு வரவில்லை. பாதி வழியில் நடுங்கிக் கீழே இறங்கிவிடுகிறது.

எதற்கு இதெல்லாம் என்று கேட்பீர்கள். பாப்பாவை வரைய வேண்டும்.

போன வாரத்தோடு ஒரு வருடம். மயக்கம் தெளிந்து, காய்ச்சல் இறங்கி, "குழந்தையக் காட்டுங்க" என்று நான் கேட்டது மூன்றாவது நாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கட்டிலோரம் நின்று நீங்கள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "நான் பாத்துட்டேன். நீ பாக்க வேணாம். ஒருத்தர் பாத்தா போதும்." உயிரில்லாமல் பிறந்த பிள்ளையை யாரும் போட்டோ எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் உங்களிடம் கேட்டேன். யார் சாயல் என்று கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டினீர்கள். அதற்குப் பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கோபத்தில் எழுதவில்லை. ஒரு ஏற்பாடு சொல்கிறேன். நான் வரையக் கற்றுக்கொள்கிறேன். அவள் முகம் எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதுங்கள். இரண்டும் சேர்ந்தால் அவள் கிடைத்துவிடுவாள்.

போன் வேண்டாம். போனில் நீங்கள் 'ம்' என்பீர்கள், நான் அழுவேன், பிறகு யார் முதலில் வைத்தது என்று சண்டை வரும். கடிதத்தில் 'ம்' என்று மட்டும் எழுதித் தபால் தலை ஒட்ட யாருக்கும் மனசு வராது.

இப்படிக்கு,
நான்தான்

&nbsp;

ஜூன் 17

அன்புள்ள புஸ்தகத்துக்கு,

கவர்மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ் என்றுதான் நினைத்தேன். 'பயப்படாமல் படியுங்கள்' என்பது உள்ளே போனபிறகுதான் வருகிறது. அதைக் கவர்மேலேயே எழுதியிருக்கலாம்.

நான் கடைசியாக எழுதிய கடிதம் பள்ளிக்கூட லீவு லெட்டர். அதுவும் பொய்க் காய்ச்சல். அதனால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

வீடு அப்படியே இருக்கிறது. குளியலறைக் குழாய் சொட்டுகிறது. ஊர் லிஃப்ட்டெல்லாம் சரிபண்ணுகிறவன் வீட்டில் குழாய் சொட்டுகிறது என்று மேல்வீட்டு அம்மா சிரிக்கிறார். உன் புத்தகங்களைக் கலைக்கவில்லை. தூசி மட்டும் தட்டுகிறேன்.

முகமெல்லாம் இப்போது எதற்கு? பார்த்தால் மறக்க முடியாது என்றுதான் உன்னைப் பார்க்கவிடவில்லை. நீ அதை வரைந்து வைத்துக்கொள்கிறேன் என்கிறாய். வேண்டாம். வேறு ஏதாவது வரை. பூ, மரம், அந்த டிரைவருடைய பஸ்.

வீட்டுக்கு வா.

உன் லிஃப்ட்டுக்காரன்

பி.கு. கோடு நடுங்குகிறது என்று எழுதியிருந்தாய். சுவரில் கோடு போடும்போது நாங்கள் பென்சிலைப் பார்க்க மாட்டோம். கோடு எங்கே போய்ச் சேர வேண்டுமோ அந்தப் புள்ளியை மட்டும் பார்ப்போம். கை தானாகப் போய்விடும். பென்சிலைப் பார்த்தால் கை பயந்துவிடும்.

&nbsp;

ஜூன் 25

லிஃப்ட்டுக்காரருக்கு,

நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன். தாளின் அந்தக் கோடியில் ஒரு புள்ளி வைத்து, அதையே பார்த்துக்கொண்டு கையை விட்டேன். கோடு நேராகப் போய்ச் சேர்ந்தது. ரப்பர் மிஸ் பின்னால் வந்து நின்று, "இத யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாள்.

"வீட்டுக்காரர்" என்று வாய் சொல்லிவிட்டது. ஏழு மாதமாகச் சொல்லாத வார்த்தை.

"அவரும் வரைவாரா?"

"இல்ல. லிஃப்ட் ரிப்பேர்."

டிரைவர் விடவில்லை. "அப்ப மேலயும் கீழயும் போற கோடுதான் போடுவாரு. சாய்வா ஒண்ணு போடச் சொல்லுங்க, பாக்கலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

இந்த வாரம் நாற்காலி. ஆனால் நாற்காலியை வரையக் கூடாதாம். கால்களுக்கு நடுவே, கைப்பிடிக்குக் கீழே, முதுகுச் சட்டங்களுக்கு இடையே இருக்கும் காலியிடத்தை மட்டும் வரைய வேண்டுமாம். "நாற்காலி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும், அதான் பிரச்சனை. பாக்காமலே தெரிஞ்சத போட்டுடுவீங்க. காலியிடம் எப்படி இருக்கும்னு யாருக்கும் தெரியாது. அதனால பாத்துத்தான் ஆகணும்" என்றாள். ஒரு மணி நேரம் வெறும் காலியிடங்களாக வரைந்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால் தாளில் நாற்காலி நின்றுகொண்டிருந்தது. இது எனக்குப் பழகின வேலைதான் என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. நான் வரைகிறேன் என்று அக்காவுக்குத் தெரியும். எதற்கு என்று தெரியாது.

வேண்டாம் என்று எழுதிவிட்டீர்கள். மறுபடியும் கேட்கிறேன். இந்த உலகத்தில் அவள் முகம் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது, உங்கள் தலைக்குள். நீங்களோ ஏணியில் ஏறுகிறவர், நாலு மாடி ஆழக் குழிக்குள் தொங்குகிறவர். எனக்கு எவ்வளவு பதற்றமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நெற்றியிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு வரி போதும்.

குழாய்க்கு வாஷர் மாற்ற வேண்டும். சமையலறையில் இரண்டாவது டிராயரில், பழைய சாவிகளுக்குக் கீழே இருக்கிறது.

நான்

&nbsp;

ஜூலை 6

புஸ்தகத்துக்கு,

வாஷர் இருந்தது. குழாய் நின்றுவிட்டது. அந்தச் சத்தமும் இல்லாமல் வீடு இன்னும் மோசமாக இருக்கிறது.

ஒரு துணிக்கடையில் வேலை. மதிய இடைவேளையில் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கூட வேலை செய்கிறவர், "என்னப்பா, லவ் லெட்டரா?" என்றார். பொண்டாட்டிக்கு என்றேன். "பொண்டாட்டிக்குப் போயி எவனாவது எழுத்துல குடுப்பானா? பின்னால எடுத்துக் காட்டுவாங்கப்பா" என்றார்.

சரி, எழுதுகிறேன். நெற்றி உன்னைப் போல. தலைமுடி நிறைய, கருகருவென்று. மூக்கு என்னுடையது, சின்னதாக. உதடு உன் உதடு. கண் மூடியிருந்தது. தூங்குகிற மாதிரிதான் இருந்தாள்.

இவ்வளவுதான். இதற்குமேல் என்னைக் கேட்காதே.

படம் போட்டு முடித்ததும் வருகிறாயா?

உன் லிஃப்ட்டுக்காரன்

&nbsp;

ஜூலை 20

அன்புள்ள லிஃப்ட்டுக்காரருக்கு,

'அன்புள்ள' வந்துவிட்டது, கவனித்தீர்களா?

உங்கள் கடிதத்தை நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களின் அடுக்குக்குப் பின்னால் நின்று படித்தேன். அன்றைக்குப் பதினோரு புத்தகங்களில் தவறான தேதியை முத்திரை குத்திவிட்டேன். யாரோ பதினோரு பேர் இன்னும் ஒரு மாதம் சேர்த்து நிதானமாகப் படிக்கட்டும்.

நெற்றி என்னைப் போல. இதை எழுதவா ஒரு வருடம்? அன்று முழுவதும் என் நெற்றியை நானே தடவிக்கொண்டிருந்தேன். இரண்டு வாரமாகக் கண்ணாடிமுன் உட்கார்ந்து நெற்றியையும் உதட்டையும் வரைகிறேன். "என்னடி, இருபத்தொம்பது வயசுல புதுசா அழகு வந்துடுச்சா?" என்று அக்கா கேட்கிறாள். மூக்குக்கு நம் கல்யாணப் போட்டோவை எடுத்துவைத்துக்கொண்டேன். அதைச் சின்னதாக்கிப் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. உங்களுடையது சுலபமான மூக்கு இல்லை.

கண்தான் எளிதாக வந்தது. மூடிய இமை, இரண்டு வளைகோடு, அவ்வளவுதான். அதைப் போட்டதும் தாளை மேசைமேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அறையில் சத்தம் போடாமல் நடந்தேன். தூக்கம் கலைந்துவிடும் என்பது போல.

இரண்டு படம் அனுப்புகிறேன். ஒன்றில் கன்னம் ஒட்டியிருக்கிறது, மற்றதில் உப்பியிருக்கிறது. எது அவள் என்று எழுதுங்கள். வேறு தப்பு இருந்தாலும் சொல்லுங்கள். அழிக்க மாட்டேன், பக்கத்தில் சரியாகப் போடுவேன்.

உங்கள் புஸ்தகம்

&nbsp;

ஆகஸ்ட் 1

என் புஸ்தகத்துக்கு,

இரண்டாவதுதான் அவள். கன்னம் இப்படித்தான் இருந்தது. கண்ணும் நீ போட்ட இதே இடத்தில்தான். எதையும் மாற்றாதே. கூடவே இருந்து பார்த்தவள் மாதிரிப் போட்டிருக்கிறாய்.

இரண்டையும் திருப்பி அனுப்புகிறேன். நல்ல தாளில் பெரியதாகப் போடு. ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டலாம். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஆணிகூட அடித்துவிட்டேன். உன் மிஸ்ஸிடமும் காட்டு. ரெண்டே மாதத்தில் இப்படிப் போட வைத்திருக்கிறாள், அவளுக்கு என் நன்றியைச் சொல்.

எப்போது வருகிறாய்? ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

உன் லிஃப்ட்டுக்காரன்

&nbsp;

ஆகஸ்ட் 9

அன்புள்ள உங்களுக்கு,

இருபத்திநாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். அக்கா பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். "ரெண்டு சக்கரத்துல ஒண்ணு ஓடலடி, மாப்பிள்ளைகிட்ட சொல்லி சரிபண்ணு. அவருக்கு அதுவும் ஒரு லிஃப்ட்டுதான" என்றாள்.

வருவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிட வேண்டும். நேரில் சொல்ல வராது. அந்த ஐந்து மாதம் உங்கள்மேல் எனக்கு இருந்தது கோபம் இல்லை, பொறாமை. ஞாயிற்றுக்கிழமை மதியம் நீங்கள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் இமையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த மெல்லிய தோலுக்கு அந்தப் பக்கம் அவள் இருக்கிறாள், எனக்கு மட்டும் கதவு திறக்கவில்லை என்று தோன்றும். இப்போது திறந்துவிட்டீர்கள். என் கையாலேயே அவளைப் போட வைத்துவிட்டீர்கள்.

அடுத்த சனிக்கிழமை மிஸ்ஸிடம் படத்தைக் காட்டப் போகிறேன். முதல் முறையாக ஒருவருக்குக் காட்டுகிறேன். ஆணி உறுதியாக இருக்கட்டும்.

உங்கள் புஸ்தகம்

&nbsp;

ஆகஸ்ட் 17

நேற்று வகுப்பில் படத்தைக் காட்டினேன். யாரென்று சொல்லவில்லை. தெரிந்தவர்கள் வீட்டுக் குழந்தை என்றேன்.

ரப்பர் மிஸ் கொஞ்ச நேரம் பார்த்தாள். படத்தின்மேல் பென்சிலை வைத்து, கட்டைவிரல் நகத்தால் அளந்தாள். "நிழலெல்லாம் நல்லா வந்திருக்கு. ஆனா எல்லாரும் பண்ற தப்பையே நீங்களும் பண்ணியிருக்கீங்க. கண்ண ரொம்ப மேல போட்டுட்டீங்க" என்றாள். "உச்சந்தலையிலேர்ந்து தாடை வரைக்கும் அளந்தா கண்ணு நட்டநடுவுல இருக்கும். கைக்குழந்தைன்னா அதுக்கும் கீழ. மேல அவ்ளோ பெரிய தலை இருக்குல்ல? இதுல கண்ணுக்கு மேல தலையே இல்லையே."

டிரைவர் எட்டிப் பார்த்தார். "ஆமா. கூரை இல்லாத பஸ்" என்றார்.

"குழந்தையப் பாத்தவர் ஒருத்தர் இருக்கார்" என்றேன். "கண்ணு இதே எடத்துலதான் இருந்துச்சுன்னு சொல்றார்."

"இந்த மாதிரி ஒரு குழந்த பொறக்கவே முடியாதுங்க. அவர் சரியாப் பாக்கலையோ என்னவோ" என்றாள். சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எதிர் சீட்டில் ஒரு கைக்குழந்தை தாய் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. பென்சிலை எடுத்து, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி அளந்தேன். அந்தத் தாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். மிஸ் சொன்னது சரி. கண் பாதிக்குக் கீழேதான் இருந்தது. போன வருட ஜூனிலிருந்து எந்தக் குழந்தையின் முகத்தையும் நான் நேராகப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. பார்த்திருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டேன்.

நான் பார்க்காதவள், அதனால் தப்பாகப் போட்டேன். நீங்கள் ஏன் சரி என்றீர்கள்?

மறந்துபோயிருந்தால் மறந்துவிட்டது என்று எழுதுங்கள். அதை என்னால் தாங்க முடியும். உங்களை ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்.

நீங்கள் அவளைப் பார்த்தீர்களா?

&nbsp;

ஆகஸ்ட் 27

புஸ்தகத்துக்கு,

இருபத்திநாலாம் தேதி ஸ்டேஷனுக்குப் போனேன். வரமாட்டாய் என்று தெரியும். வண்டி வந்து, எல்லாரும் இறங்கிப் போய், பெட்டிகளைப் பெருக்க ஆள் ஏறியபிறகு வீட்டுக்கு வந்தேன்.

பார்க்கவில்லை.

இதை எழுத எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நாலாவது மாடி. நர்ஸ் துணியில் சுற்றி எடுத்து வந்து, "அப்பா, ஒரு தடவ பாத்துக்குங்க" என்றாள். யாரைக் கூப்பிடுகிறாள் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அப்புறம்தான் தெரிந்தது, என்னைத்தான். வேண்டாம் என்று தலையாட்டினேன். "முகத்தை மட்டுமாவது" என்றாள். சுவரில் தீயணைக்கும் சிலிண்டர் இருந்தது, அதை எப்படி உபயோகிப்பது என்று பக்கத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்துக்கொண்டிருந்தேன். இப்போதும் மனப்பாடமாகச் சொல்வேன். கையெழுத்துப் போட்டேன். கையில் கொடுத்துவிட்டாள்.

லிஃப்ட்டில் தனியாகக் கீழே கொண்டுபோனேன். நாலு, மூணு, ரெண்டு என்று மேலே எண் மாறுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கதவுக்கடியில் தேய்ந்துபோன சத்தம் வந்தது. கதவு வழுக்கிப் போகிற ஷூவை மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அதை நினைத்தேன். அவ்வளவு மெதுவான லிஃப்ட்டில் நான் போனதே இல்லை.

ரெண்டாவது மாடியில் கூண்டு ஒரு தடவை குலுங்கியது. துணி நழுவி ஒரு கால் வெளியே வந்தது. வலது கால். அதைத்தான் பார்த்தேன். அது மட்டும்தான்.

என் நடு விரல் நீளம் இருக்கும். குதிகால் உருண்டையாக, தோல் லேசாகச் சுருங்கி, ரொம்ப நேரம் தண்ணீரில் இருந்த மாதிரி. கட்டை விரலைவிடப் பக்கத்து விரல் நீளம். சுண்டு விரல் உள்ளே மடங்கியிருந்தது. கணுக்காலில் நூல் கட்டி ஒரு சீட்டு. அதில் உன் பேரை எழுதி, பக்கத்தில் 'குழந்தை' என்று போட்டிருந்தது. காலைத் துணிக்குள் வைத்து மூடினேன். குளிரும் என்று நினைத்தேனோ என்னவோ.

உன்னிடம் அப்படிச் சொன்னது உன்னைக் காப்பாற்ற இல்லை. ரெண்டு பேருமே பார்க்கவில்லை என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அப்புறம் உன் கடிதம் வந்தது. நெற்றி என்று எழுதினால் நீ பதில் எழுதுவாய். மூக்கு என்று எழுதினால் வருவாய். கோடு கோடாக உன்னை வீட்டுக்கு இழுத்தேன். படத்தைப் பார்த்தபோது இவள்தான் என்றே நம்பினேன். எனக்கும் வேறு முகம் இல்லை.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

லிஃப்ட்டுக்காரன்

&nbsp;

செப்டம்பர் 14

உங்களுக்கு,

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது. இரண்டு வாரம் தங்கிவிட்டுப் போய்விட்டது. அதனால்தான் தாமதம்.

நீங்கள் பார்க்காததற்கு எனக்குக் கோபம் இல்லை. நான் மயங்கியிருந்தேன், நீங்கள் பயந்திருந்தீர்கள். அந்தத் துணியை விலக்கும் தைரியம் எனக்கு இருந்திருக்குமா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அந்த லிஃப்ட்டில் நீங்கள் தனியாக இருந்தீர்கள் என்பதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. இதை நீங்கள் அன்றைக்கே சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம். பார்க்காதவர்கள் இரண்டு பேர் என்று ஆகியிருக்கும். பார்க்காதவளாக என்னை மட்டும் தனியாக விட்டுவிட்டீர்கள்.

நான் வரவில்லை. காரணம் சொல்வது மரியாதை, அதனால் சொல்கிறேன். உங்கள் இமைக்குப் பின்னால் அவள் இருக்கிறாள் என்று நினைத்துத்தான் அந்த ஐந்து மாதமும் அந்த வீட்டில் இருந்தேன். அதை நினைத்துத்தான் டிக்கெட்டும் எடுத்தேன். இனி நீங்கள் தூங்குவதைப் பார்த்தால், அங்கே அவள் இல்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். காலியிடத்தை ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரையலாம். அதற்குள் குடித்தனம் நடத்த முடியாது.

போன வாரம் மிஸ்ஸிடம் போய் ரப்பர் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் டின்னைத் திறந்து கொடுத்தாள். அந்த முகத்தை எடுத்துவைத்துக்கொண்டு வகுப்பு முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு ரப்பரை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் நெற்றி, உங்கள் மூக்கு, என் உதடு. யாருடைய முகமும் இல்லைதான். ஆனால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த கடைசிக் காரியம் அது. அது என்னிடம் இருக்கட்டும்.

கிளம்பும்போது மிஸ்ஸிடம் உண்மையைச் சொன்னேன், யாருடைய படம் என்று. கீழே தையல் மெஷின் நிற்கும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நேற்று, நான் பாதங்களாக வரைவதைப் பார்த்துவிட்டு, டிரைவர் தன் காலைச் செருப்பிலிருந்து எடுத்து பெஞ்சின்மேல் வைத்து, "கால் வரையறதுன்னா சொல்லுங்கம்மா, நான் அசையாம இருப்பேன். முப்பது வருஷம் பிரேக்குமேலயே இருந்த காலு" என்றார். ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தார். அதில்தான் குதிகால் பிடிபட்டது.

இத்துடன் இருப்பது பதினொன்றாவது பாதம். முதல் பத்தும் சரியில்லை. நடு விரல் நீளம் என்று எழுதியிருந்தீர்கள். எத்தனை அங்குலம் என்று கேட்டு எழுத வேண்டியிருக்கவில்லை. உங்கள் நடு விரல் எனக்குத் தெரியும். சுற்றிலும் துணி போட்டிருக்கிறேன். துணிக்கு உள்ளே எதையும் போடவில்லை. சீட்டைப் போட்டேன், பெயர் எழுதவில்லை.

சரியாக இருக்கிறதா என்று கேட்க மாட்டேன். கேட்டால் சரி என்பீர்கள். கவருக்குள் ஒரு பென்சில் இருக்கிறது. ரப்பர் வைக்கவில்லை. எங்கே தப்போ, அங்கே பக்கத்தில் நீங்களே ஒரு கோடு போட்டு அனுப்புங்கள். உங்களுக்கு வரையத் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஜூன் மாதம் எனக்கும் தெரியாது.

ஆணியைப் பிடுங்க வேண்டாம். சுவர் பெயர்ந்துவிடும்.

நான்

&nbsp;

செப்டம்பர் 24

படத்தைத் திருப்பி அனுப்புகிறேன்.

கட்டை விரலுக்குப் பக்கத்து விரல் இன்னும் கொஞ்சம் நீளம். சுண்டு விரல் இன்னும் உள்ளே மடங்கியிருந்தது. இரண்டு கோடு போட்டிருக்கிறேன். மற்றது சரி. குதிகால் அப்படியே இருக்கிறது. இந்தத் தடவை பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பென்சிலை அனுப்பவில்லை. என்னிடம் இருக்கட்டும்.

இரண்டு கோட்டுக்கு ஒரு வாரம் ஆயிற்று. போடும்போது பென்சிலைப் பார்க்கவில்லை.

பாப்பாவின் அப்பா